அப்டேட் ஆனதும் போன் மக்கர் பண்ணுதா? ‘ரீசெட்’டுக்கு முன்னால் இதையெல்லாம் செய்து பாருங்க!

கும்பகோணத்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு 64 வயது. கடந்த ஆண்டு ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தபோது, அவர் போனே அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எழுத்துகள் வேறு மாதிரி இருந்தன. கால் எடுக்கும் பட்டன் இடம் மாறியிருந்தது. கையில் எடுத்தால் இட்லிப் பானை மாதிரி சூடு. மதியத்துக்குள் பாதி சார்ஜ் காலி. யார் அழைத்தாலும் ரிங் சத்தமே கேட்கவில்லை.

ராத்திரி தானாகவே அப்டேட் ஆகியிருந்தது. அதுவும் சின்ன அப்டேட் இல்லை; ஆண்ட்ராய்டின் அடுத்த பதிப்பு.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மொபைல் கடைக்குப் போயிருக்கிறார். கடைப் பையன், “ரீசெட் போட்டா சரியாயிடும்மா. ஆனா உள்ள இருக்கறதெல்லாம் போயிடும், பரவாயில்லையா?” என்று கேட்டிருக்கிறார். உள்ளே இருக்கும் பிரச்னையெல்லாம் போய்விடும் என்றுதான் பெரியம்மா புரிந்துகொண்டார். “போனா போகட்டும்ப்பா, போன் நல்லாயிட்டா சரி” என்றார்.

பத்தே நிமிடம். போன் புதுசு மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து வாட்ஸ்அப்பைத் திறந்தபோதுதான் தெரிந்தது, பெரியப்பா அதில் இல்லை.

பெரியப்பா ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர். கண்ணாடி போட்டு டைப் பண்ணுவது தொல்லை என்று, கடையிலிருந்து எல்லாவற்றையும் வாய்ஸ் மெசேஜாகத்தான் அனுப்புவார். ‘மழை வர்ற மாதிரி இருக்கு, மாடியில துணியை எடுத்துடு’, ‘இன்னிக்கு சாப்பிட லேட்டாகும், நீ சாப்பிட்டுடு’ என்று தினமும் நாலைந்து வரும். அவர் இறந்து இரண்டு வருடமாகிறது. தூங்கப் போகும் முன் அதில் ஒன்றைப் போட்டுக் கேட்பது பெரியம்மாவின் வழக்கம். அத்தனையும் போய்விட்டது.

கூட்டிக் கழித்துப் பார்த்தால், அந்த போனில் ரீசெட் செய்கிற அளவுக்கு எந்தக் கோளாறும் இருந்திருக்காது. அதனால்தான் இந்தக் கட்டுரை. அப்டேட்டுக்குப் பிறகு போன் தகராறு செய்தால் எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது? வரிசை முக்கியம் மக்களே!

அப்டேட் ஆனதும் போன் ஏன் சூடாகிறது?

ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் குடிபோனால் முதல் இரண்டு நாள் எப்படி இருக்கும்? எந்த மூட்டையில் எது இருக்கிறது என்று தேடுவோம், பரணில் ஏற்றுவோம், இறக்குவோம். போனுக்கும் அப்படித்தான். ஆண்ட்ராய்டில் பதிப்பு மாறியதும், நீங்கள் வைத்திருக்கும் ஆப்களைப் புதிய சிஸ்டத்துக்கு ஏற்றபடி போன் மறுபடி தயார்செய்கிறது. ஐபோன் என்றால் போட்டோக்களையும் ஃபைல்களையும் தேடுவதற்கு வசதியாக மறுபடி அட்டவணை போடுகிறது. இதெல்லாம் திரைக்குப் பின்னால் ஓடும் வேலைகள் என்பதால் சூடு வரும், சார்ஜ் குறையும், வேகம் மந்தமாகும்.

இந்த வேலையில் பெரும்பகுதி, போன் சார்ஜில் இருந்து நாம் அதைத் தொடாமல் இருக்கும் நேரத்தில்தான் நடக்கும். ஆகவே அப்டேட் ஆன பிறகு இரண்டு, மூன்று இரவுகள் வைஃபை இணைப்போடு சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். வீட்டில் வைஃபை இல்லையென்றால் மொபைல் டேட்டா ஆனில் இருக்கட்டும். பல போன்களில் ‘அப்டேட் சரியில்லை’ என்ற புகார் இந்த மூன்று நாளில் தானாகவே அடங்கிவிடும்.

சில நேரம் தப்பு அவர்கள் பக்கமும்தான்!

எல்லாமே தானாகச் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. பெரிய நிறுவனங்களே சறுக்கியிருக்கின்றன. 2014 செப்டம்பரில் வந்த ஐ.ஓ.எஸ் 8.0.1 அப்டேட்டைப் போட்ட ஐபோன் 6 பயனாளர்கள் பலருக்கு சிக்னலே போய்விட்டது, கைரேகையும் வேலை செய்யவில்லை. அன்றே அந்த அப்டேட்டைத் திரும்பப் பெற்ற ஆப்பிள், அடுத்த நாளே 8.0.2-ஐ வெளியிட்டது. 2018 அக்டோபரில் விண்டோஸ் 10 அப்டேட் ஒன்று, சிலருடைய கம்ப்யூட்டரில் இருந்த சொந்த ஃபைல்களையே அழித்துவிட, மைக்ரோசாஃப்ட் சில நாள்களிலேயே அதை நிறுத்திவைத்தது. 2023 அக்டோபரில் ஆண்ட்ராய்டு 14 வந்தபோது, ஒன்றுக்கு மேற்பட்ட யூசர் கணக்கு வைத்திருந்த சில பிக்ஸல் போன்களில் உள்ளே இருந்த போட்டோக்களையே திறக்க முடியாமல் போனது. ஐபோன் 15 சூடாவதற்கு ஐ.ஓ.எஸ் 17-இல் இருந்த பிழையும் ஒரு காரணம் என்று ஒப்புக்கொண்ட ஆப்பிள், அதே மாதம் 17.0.3 அப்டேட்டில் அதைச் சரிசெய்தது.

இந்தக் கதைகளிலிருந்து தெரிவது இரண்டு விஷயம். ஒன்று, பெரிய அப்டேட்டில் பிழை இருந்தால் அடுத்த சில நாள்களிலோ வாரங்களிலோ சின்ன அப்டேட் ஒன்று அதைச் சரிசெய்ய வரும். இரண்டு, பிழை எப்போது நம் போட்டோ மீது கை வைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் முதல் வேலை ரிப்பேர் அல்ல, பேக்கப்!

முதல் வேலை: உள்ளே இருப்பதைக் காப்பாற்றுங்கள்

போன் எவ்வளவு மந்தமாக இருந்தாலும், திறந்து பார்க்க முடிகிறது என்றால் இதை முதலில் செய்துவிடுங்கள்.

போட்டோ, வீடியோ: கூகுள் போட்டோஸ் ஆப்பைத் திறந்து, மேலே உங்கள் படத்தைத் தொட்டால் பேக்கப் முடிந்ததா, மிச்சம் இருக்கிறதா என்று காட்டும். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜி.பி, ஆப்பிள் ஐகிளவுடில் தருவது 5 ஜி.பி. இடம் நிரம்பிவிட்டால் பேக்கப் நின்றுவிடும். வந்த எச்சரிக்கையை நாம் கவனிக்காமல் தள்ளிவிட்டிருப்போம். ‘பேக்கப் ஆனில் இருக்கிறது’ என்று நம்பியிருந்து ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

வாட்ஸ்அப்: போட்டோஸ் ஆப் வாய்ஸ் மெசேஜை எடுத்து வைக்காது. அது வாட்ஸ்அப்பின் சொந்த பேக்கப்பில்தான் போகும். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் என்று போங்கள். கடைசியாக பேக்கப் எடுத்த தேதி அங்கேயே இருக்கும். பழைய தேதியாக இருந்தால், ‘பேக்கப்’ பட்டனை அழுத்தி முடியும்வரை காத்திருங்கள். எந்த மெயில் ஐடியில் சேமிக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மனசுக்கு நெருக்கமானவை: ஒருவருடைய குரல், ஒரு கடைசி வீடியோ போன்றவற்றை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். வீட்டில் இன்னொருவருக்கு ஃபார்வேர்டு செய்யுங்கள். அல்லது அந்த சாட்டில் ‘எக்ஸ்போர்ட் சாட்’ கொடுத்து, மீடியாவோடு சேர்த்து உங்கள் மெயிலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

கான்டாக்ட்ஸ்: நம்பர்கள் கூகுள் கணக்கில் இருக்கின்றனவா, போனுக்குள் மட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். போனுக்குள் மட்டும் இருந்தால், அவையும் ரீசெட்டோடு போகும்.

இப்போது சரிசெய்யும் படிகள்... ஒவ்வொன்றாக!

1. ரீஸ்டார்ட்: கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் அப்டேட்டுக்குப் பிறகு ஒருமுறை முழுதாக ஆஃப் செய்து ஆன் செய்தாலே பாதி சிக்கல் தீரும். திரை உறைந்துபோனால், பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்துச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். இப்போதுள்ள ஐபோன்களில் வால்யூம் கூட்டும் பட்டனை ஒருமுறை, குறைக்கும் பட்டனை ஒருமுறை தட்டிவிட்டு, ஆப்பிள் லோகோ வரும்வரை பக்கவாட்டுப் பட்டனைப் பிடிக்க வேண்டும். இதில் எதுவும் அழியாது.

ஒரு முக்கியமான விஷயம். ரீஸ்டார்ட் ஆனதும் முதல் தடவை கைரேகையை போன் ஏற்காது, பின் நம்பரைத்தான் கேட்கும். அதைப் போடும்வரை வாட்ஸ்அப் அழைப்புகளும் ஒலிக்காது. கைரேகையை மட்டுமே வைத்துக்கொண்டு பின் நம்பரை மறந்துவிட்ட தாத்தா பாட்டிகள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். இன்றைக்கே அதை ஒரு டைரியில் எழுதி பீரோவில் வையுங்கள்.

2. ஆப்களையும் அப்டேட் செய்யுங்கள்: சிஸ்டம் புதிது, ஆப் பழசு என்றால் இரண்டுக்கும் ஒத்துப்போகாது. ப்ளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரில் ‘அப்டேட் ஆல்’ கொடுங்கள். ஆப்கள் வரிசையாகத் திறந்ததும் மூடிக்கொண்டால், ‘ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ’ என்பதும் அப்டேட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். 2021 மார்ச்சில் இந்த ஒன்றில் வந்த பிழையால் உலகம் முழுக்க ஜிமெயில் உட்படப் பல ஆப்கள் திறக்காமல் முரண்டு பிடித்தன. அடுத்து வந்த அப்டேட்தான் அதைத் தீர்த்தது.

3. ரிங் சத்தம் கேட்கவில்லையா? முதலில் ‘டூ நாட் டிஸ்டர்ப்’ ஆனில் இருக்கிறதா பாருங்கள். மேலிருந்து திரையை இழுத்தால் பிறை நிலா அல்லது கழித்தல் குறி போட்ட வட்டம் தெரியும். பட்டன்கள் இடம் மாறியதால், தெரியாமல் கை பட்டிருக்கலாம். பெரியம்மா போனிலும் இதுதான் நடந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. வாட்ஸ்அப் போன்ற ஒரு ஆப் மட்டும் மௌனமாக இருந்தால், செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு ‘நோட்டிஃபிகேஷன்’ அனுமதி இருக்கிறதா, பேட்டரி பகுதியில் அதன் பின்னணி இயக்கம் தடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மாத்திரை நேரத்துக்கு அலாரம் வைப்பவர்கள், அப்டேட் ஆன அன்றே ஒருமுறை அலாரத்தை அடிக்கவிட்டுச் சோதித்துவிடுங்கள்.

4. ஒரே ஒரு ஆப் மட்டும் தொல்லையா? செட்டிங்ஸ், ஆப்ஸ், குறிப்பிட்ட ஆப், ஸ்டோரேஜ் என்று போனால் இரண்டு பட்டன்கள் இருக்கும். ‘க்ளியர் கேஷ்’ என்பது தற்காலிகக் குப்பையை மட்டும் கூட்டித் தள்ளும், பயமில்லாமல் அழுத்தலாம். பக்கத்திலேயே இருக்கும் ‘க்ளியர் டேட்டா’ அல்லது ‘க்ளியர் ஸ்டோரேஜ்’, அந்த ஆப்பை இன்றைக்குத்தான் புதிதாகப் போட்டது மாதிரி ஆக்கிவிடும். வாட்ஸ்அப்பில் பேக்கப் இல்லாமல் இதைத் தொட்டால் சாட்டுகள் காலி. விரல் நகரும் தூரம்தான், விளைவு தலைகீழ்!

5. நெட், சிக்னல், ப்ளூடூத் தகராறா? ஏரோப்ளேன் மோடை ஆன் செய்து ஆஃப் செய்யுங்கள். சிம்மைக் கழற்றி மாட்டுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் ‘ரீசெட் நெட்வொர்க் செட்டிங்ஸ்’ இருக்கிறது. இதில் போட்டோவோ சாட்டோ போகாது. சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகளும் ப்ளூடூத் இணைப்புகளும் மட்டும் போகும். இ-சிம் வைத்திருப்பவர்கள், அதையும் அழிக்கட்டுமா என்று தனியாகக் கேட்டால் வேண்டாம் என்று விட்டுவிடுங்கள்.

6. எந்த ஆப் கெடுக்கிறது என்று தெரியவில்லையா? செட்டிங்ஸில் பேட்டரி பகுதியைத் திறந்தால், எந்த ஆப் அதிகம் சாப்பிடுகிறது என்று பட்டியலே இருக்கும். அதிலும் பிடிபடவில்லை என்றால் ஆண்ட்ராய்டில் ‘சேஃப் மோட்’ உண்டு. பவர் மெனுவில் வரும் ‘பவர் ஆஃப்’ எழுத்தை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் சேஃப் மோட் வேண்டுமா என்று கேட்கும். அதில் நாம் டவுன்லோடு செய்த ஆப்கள் எதுவும் ஓடாது. அப்போது போன் நன்றாக ஓடினால், திருடன் நாம் போட்ட ஆப்களில் ஒன்று. அண்மையில் போட்டவற்றை ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்தால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

7. இடம் இருக்கிறதா? ஸ்டோரேஜ் கழுத்துவரை நிரம்பிய போன், அப்டேட் இல்லாமலே திணறும். குரூப்பில் வந்த குட்மார்னிங் வீடியோக்களை அழிக்க, வாட்ஸ்அப் செட்டிங்ஸிலேயே ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’ இருக்கிறது. பெரிய ஃபைல்கள் எவை என்று அதுவே எடுத்துக் காட்டும்.

பேங்க் ஆப் திறக்கவில்லையே?

பணம் சம்பந்தப்பட்ட ஆப்கள் பாதுகாப்பில் கறார் பேர்வழிகள். சிஸ்டம் மாறியதும் சில ஆப்கள் மறுபடி பதிவு செய்யச் சொல்லும். யு.பி.ஐ என்றால், வங்கியில் கொடுத்த நம்பரின் சிம் அதே போனில் இருக்க வேண்டும். அதிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ் போக வேண்டும். ரீசார்ஜ் முடிந்துபோன சிம்மாக இருந்தால் இங்கே நின்றுவிடும். ஆப்பை அப்டேட் செய்துவிட்டு, பொறுமையாக மறுபடி முயலுங்கள்.

இந்த இடத்தில்தான் மோசடிக்காரர்களும் நுழைகிறார்கள். ‘உங்க போன் அப்டேட் ஆனதால பேங்க் ஆப் பிளாக் ஆயிடுச்சு, நாங்க சரிசெய்து தர்றோம்’ என்று அழைப்பு வந்தால் துண்டித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே ஃபைலைத் திறக்கக் கூடாது. உங்கள் திரையை அவர்கள் பார்க்க உதவும் எந்த ஆப்பையும் போடக் கூடாது. உண்மையான சிஸ்டம் அப்டேட் போனின் செட்டிங்ஸுக்குள்தான் வரும், லிங்க்கில் வராது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

பழைய பதிப்புக்கே போக முடியாதா?

‘எனக்குப் பழசே போதும்’ என்பவர்களுக்கு வருத்தமான பதில். ஐபோனில் சிறிது காலத்துக்குப் பிறகு பழைய பதிப்புக்கான அனுமதியை ஆப்பிள் மூடிவிடுகிறது. ஆண்ட்ராய்டில் போனுக்கு போன் மாறும். ஆனால் அதற்கான முயற்சியில் பெரும்பாலும் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். தெரியாமல் இறங்கினால் போன் செங்கல்லாகிவிடும் ஆபத்தும் உண்டு. அடுத்த சின்ன அப்டேட்டுக்குக் காத்திருப்பதே நல்லது.

மாதக்கணக்கில் வேகம் குறைந்தே இருந்தால், பேட்டரியையும் சந்தேகப்படுங்கள். பேட்டரி பழசான ஐபோன்கள் திடீரென ஆஃப் ஆகாமலிருக்க, அப்டேட் மூலம் வேகத்தைக் குறைத்ததாக ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. முன்கூட்டியே சொல்லாமல் செய்ததற்குக் கடும் எதிர்ப்பு வந்ததால், குறைந்த கட்டணத்தில் பேட்டரி மாற்றித் தந்தது. இப்போது ஐபோனில் பேட்டரி நலத்தை செட்டிங்ஸிலேயே பார்க்கலாம். புது போன் வாங்கும் முன், புது பேட்டரி போதுமா என்று கேட்டுப் பாருங்கள்.

சர்வீஸ் சென்டருக்கு எப்போது?

அப்டேட் ஆனதும் திரையில் பச்சைக் கோடு விழுந்தால், போன் லோகோவோடு நின்றுவிட்டால், தொடுதல் வேலை செய்யாமல் போனால், வீட்டு வைத்தியம் பலிக்காது. பச்சைக் கோடு புகார்கள் அதிகமானபோது, சில நிறுவனங்கள் குறிப்பிட்ட மாடல்களுக்கு இந்தியாவில் இலவசமாகவே திரை மாற்றித் தந்தன. ஆகவே வாரன்டி முடிந்திருந்தாலும், அதிகாரபூர்வ சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் தரலாம். போனைக் கொடுக்கும் முன், ‘டேட்டா அழிப்பீர்களா?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

கடைசியில்தான் ரீசெட்!

மேலே சொன்ன எல்லாம் செய்தும், சின்ன அப்டேட் வந்தும் சரியாகவில்லையா? இப்போது ரீசெட் பற்றி யோசிக்கலாம். அதிலும் இரண்டு வகை. ‘ரீசெட் ஆல் செட்டிங்ஸ்’ என்பது ஐபோனிலும் சில ஆண்ட்ராய்டு போன்களிலும் இருக்கிறது. நாம் மாற்றிவைத்த அமைப்புகளை மட்டும் பழையபடி ஆக்கும். போட்டோ, சாட் அப்படியே இருக்கும். முதலில் இதைச் செய்து பாருங்கள். ‘ஃபேக்டரி ரீசெட்’, ‘இரேஸ் ஆல்’ என்பவை வேறு. வீட்டையே காலி செய்து வெள்ளையடித்துத் தருவது அது.

அதைச் செய்வதென்றால், பேக்கப் தேதி இன்றையதா என்று பாருங்கள். கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டு கையில் இருக்கட்டும். ரீசெட்டுக்குப் பிறகு போன் அதைக் கேட்கும், தெரியாவிட்டால் உள்ளே விடாது. வேறு யாரிடமாவது கொடுத்துச் செய்வதாக இருந்தால், ‘எது எது போகும்?’ என்று கேட்டு, ஒவ்வொன்றாகப் பதில் வாங்குங்கள்.

அதற்காக அப்டேட்டே வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். திருடர்கள் நுழையும் ஓட்டைகளை அடைப்பதும் அதே அப்டேட்தான். மாதந்தோறும் வரும் பாதுகாப்பு அப்டேட்டைத் தள்ளிப்போட வேண்டாம். பதிப்பே மாறும் பெரிய அப்டேட்டுக்கு மட்டும் ஓரிரு வாரம் பொறுத்து, பேக்கப் எடுத்துவிட்டு, ஊருக்குக் கிளம்பும் நாளாக இல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போடுங்கள்.

பெரியம்மா விஷயத்துக்கு வருகிறேன். தகவல் தெரிந்து நான் ஊருக்குப் போனபோது, அவர் போனில் போட்டோக்கள் பாதி திரும்பி வந்திருந்தன. வாட்ஸ்அப் பேக்கப் ஒருமுறைகூட எடுக்கப்படவில்லை. அவருக்கு மட்டும் வந்த வாய்ஸ் மெசேஜ்களை இனி எடுக்க வழியில்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. “நான்தானே போனா போகட்டும்னு சொன்னேன்” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

அன்று ராத்திரி என் போனில் எங்கள் ஃபேமிலி குரூப்பை மேலே மேலே தள்ளிக்கொண்டே போனேன். பெரியப்பா குரூப்பில் அனுப்பியவை 11 கிடைத்தன. ஒன்று, ‘எல்லாரும் பொங்கலுக்கு இங்கதான் வரணும், சொல்லிட்டேன்’ என்று அதட்டலாக. இன்னொன்றில் பின்னால் கடைச் சத்தம் மட்டும். தெரியாமல் விரல் பட்டு அனுப்பியது. பதினொன்றையும் பெரியம்மாவுக்கு அனுப்பினேன். அண்ணன் போனுக்கும் அனுப்பினேன். பிறகு பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் விரலாலேயே பேக்கப் பட்டனை அழுத்த வைத்தேன்.

உங்கள் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி போனில் கடைசியாக பேக்கப் எடுத்த தேதி என்ன? இன்றைக்கே வாங்கிப் பார்த்துவிடுங்கள்.